கார்த்திகையில் கை தொடுவதில்லை

கார்த்திகை முதல் நாள்
சார்பதிவாளர் மாலை போட்டார்.
செருப்பில்லை, சவரமில்லை.
டோக்கன் கொடுக்கும் பையன் சாமி,
வில்லங்கம் பார்க்க வந்த தரகன் சாமி,
பெண்கள் எல்லோரும் மாளிகைப்புறம்.
மேசைமேல் கோப்பு நகரும்போதெல்லாம்
சரணம் சொல்கிறார், மெதுவாக,
நிஜமாகவே உருகித்தான்.

பணத்தை மட்டும் தொடுவதில்லை.
"விரதம் சாமி" என்றார் என்னைக் கூப்பிட்டு.
"மண்டலம் முடியும்வரை
உங்ககிட்டயே இருக்கட்டும்."

பாலக்கோட்டில், தக்காளி மண்டிக்கு எதிரே,
ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு மேசை என்னுடையது.
இருபத்திரண்டு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன்.
ஒன்றில் கட்டணம். ஒன்றில் மற்றது.
மற்றதிலும் முதல் வரி பிள்ளையார் சுழிதான்,
கை பழகிவிட்டது.
அன்னதானத்துக்கு ஐந்து சிப்பம் அரிசி
மற்றதிலிருந்து போனது.
நோட்டீசில் ஏழாவதாக என் பெயர்,
எழுத்துப் பிழையோடு.

வெள்ளிச்சந்தைப் பக்கமிருந்து வேடியம்மாள் வந்தாள்.
கொழுந்தன் எழுதித்தரும் விடுதலைப் பத்திரம்.
ஒரு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்,
கிணற்றில் பாதி, புளியமரம் ஒன்று.
"வேடியப்பன் கல்லையும் எழுது.
எழுதாம உட்டா பேத்து எடுத்துக்கிட்டுப் போயிருவான்."
எழுதினேன்:
கிழக்கே ஓடைப் புறம்போக்கு,
தெற்கே வண்டிப்பாதை,
மேற்படி நான்கெல்லைக்குள் சாமி கல் ஒன்று.

தொகையைச் சொன்னேன்.
மூவாயிரத்து ஐந்நூறு.
பேரம் பேசுவாள் என்று
நூறு ரூபாய் கூட்டித்தான் சொன்னேன்.
பேசவில்லை.
ஒயர் கூடையின் அடியில், கேழ்வரகு மாவுப் பைக்குக் கீழே,
மஞ்சள் துணி முடிச்சு.

"ஆட்டுக்குன்னு முடிஞ்சது.
பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்போ வேண்டிக்கிட்டது.
மூணு வருசம் சேத்தேன்."
நான் நிமிரவில்லை.
"மாலை போட்ட சாமிக்குத்தான போவுது,
வேடியப்பன் கோவிச்சுக்க மாட்டான்.
ரெண்டும் ஒரே கணக்குதான?"

இருக்கும் அம்மா, என்றேனா,
இல்லை ஒன்றும் சொல்லவில்லையா,
இப்போது நினைவில்லை.
முடிச்சு இறுகிக் கிடந்தது.
பல்லால் கடித்து அவிழ்த்தேன்.
மஞ்சள் கசந்தது.
பத்துகள், இருபதுகள், கிழிந்து ஒட்டிய ஐம்பது ஒன்று.
மூவாயிரத்து அறுநூற்று நாற்பது.
"மிச்சம்?" என்றாள்.
"ஜெராக்ஸுக்கு" என்றேன்.

அவள் உள்ளே போன பிறகு
கடைக்குப் பின்னால் குழாயடியில் நின்றேன்.
சோப்புப் போட்டதும்
விரல் மஞ்சள் சிவந்தது.

மஞ்சளுக்கு அது இயல்பு, தெரியும்.
ஆனால் ஒருமுறை, வேறொரு ஊரில்,
பவுடர் தடவிய நோட்டை வாங்கியவனின் கையைக்
கண்ணாடி டம்ளருக்குள் முக்கினார்கள்.
தண்ணீர் ரோஜா நிறமாவதை
வாசலில் நின்று பார்த்திருக்கிறேன்.
அவன் கழுத்திலும் துளசி மணி இருந்தது.
அதைக் கழற்றிப் பையில் வைக்கச் சொன்னார்கள்,
இரண்டு கையும் ஈரம், கழற்ற முடியவில்லை அவனால்.

குழாயடியில் யாருமில்லை.
மூன்று முறை கழுவினேன்.
நகக்கண்ணில் நின்றுவிட்டது.

கட்டைவிரலில் மையோடு திரும்பி வந்தாள்.
"கல்லு ஏறிருச்சா?"
ஏறிவிட்டது, ரசீது இதோ.
போகாமல் நின்றாள்.
"துணியைக் குடு. மறுபடி முடியணும்.
ஆடு பாக்கி நிக்குதுல்ல."
எடுத்துக் கொடுத்தேன்.
"வெறுந்துணி முடியக் கூடாது.
ஒரு ரூபா இருந்தா குடேன்."

சட்டைப் பையைத் துழாவினேன்.
அதில் இருந்தது எல்லாமே
அன்றைய மற்றது.

ஒரு ரூபாய் கொடுத்தேன்.
கண்ணில் ஒற்றி,
மூன்று சுற்றுச் சுற்றி,
நான் அவிழ்த்ததைவிட இறுக்கமாக முடிந்தாள்.
"நல்ல கை" என்றாள்,
"சீக்கிரம் சேரும்."